காரலின் வழவழப்பும் வயிற்று வெளிச்சமும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 வாணி_ராயபுரம்

எல்லோருக்கும் வணக்கம். நேற்று விடியற்காலை காசிமேட்டில் காரப்பொடி மீன் வாங்கினேன். கண் தெளிவாக இருந்தது, செவுள் சிவப்பாக இருந்தது, வாடையும் இல்லை. சாயங்காலம் கழுவ எடுத்து, கல்லுப்புப் போட்டு உரசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இருட்டில் பார்த்தால் சில மீன்களின் கழுத்துப் பக்கமும் வயிறும் நீலமும் பச்சையும் கலந்த மங்கலான வெளிச்சத்தோடு இருந்தன. குடல் எடுத்த என் விரல் நுனியிலும் அதே வெளிச்சம். குழாய்த் தண்ணீரில் கையைக் கழுவியதும் கொஞ்ச நேரத்தில் மங்கிப் போய்விட்டது.

இது கெட்டுப்போன மீனா? ஏதாவது மருந்து கலந்திருக்கிறார்களா? இன்னொன்றும் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது: வேறு எந்த மீனுக்கும் இல்லாத அளவுக்கு இந்தச் சின்ன மீனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வழவழப்பு? மீன் இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. சமைக்கலாமா என்று யாராவது சொன்னால் நல்லது.

#2 பாலு_செங்கல்பட்டு

எதற்கும் கொட்டிவிடுங்கள். ஃபார்மலினாக இருக்கலாம். இல்லையென்றால் பாஸ்பரஸ். மீனில் பாஸ்பரஸ் அதிகம், அதுதான் இருட்டில் ஒளிரும் என்று படித்த ஞாபகம். 2019 ஆகஸ்ட்டில் சென்னைக் கடற்கரையில் அலையெல்லாம் நீலமாக ஒளிர்ந்ததே, அந்த மாதிரி ஏதாவது தண்ணீரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

#3 பாம்பன்_நாட்டுப்படகு

தங்கச்சி, கொட்ட வேண்டாம். மருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. காரல் என்றாலே வெளிச்சம் உண்டு. எங்கள் பக்கம் காரல், சென்னைப் பக்கம் காரப்பொடி. உயிரோடு ஏறும் மீனை இருட்டில் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நிலா இல்லாத இரவில் வலையைப் படகில் ஏற்றும்போது, காரல் விழுந்த இடத்தில் லேசாக வெளிச்சம் தெரியும். டார்ச் அடித்தால் தெரியாது, அணைத்துவிட்டுக் கண் பழகும் வரை பொறுக்க வேண்டும்.

அலையில் வரும் வெளிச்சம் வேறு. அது துடுப்புப் பட்டால் பளிச்சென்று வந்து உடனே போய்விடும். காரலின் வெளிச்சம் அப்படி இல்லை, நின்று எரியும். செத்த பிறகும் சில மணி நேரம் இருக்கும்.

வழவழப்பைப் பற்றி என்ன சொல்ல. காரல் அதிகமாக விழுந்த நாளில் வலைக் கண்ணெல்லாம் கோழை அடைத்துக்கொள்ளும். அலசிக் காயப்போடாவிட்டால் மறுநாள் அந்த வலையைத் தொட முடியாது. கையில் முள் வேறு ஏறும். முதுகு முள்ளும் அடிமுள்ளும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும், அழுத்தினாலும் மடங்காது.

#4 கயல்_மீன்வளம்

அக்கா, பாம்பன் அண்ணா சொன்னதுதான் சரி. நான் மீன்வளம் படிக்கிறேன், காரல்தான் என் ஆய்வுப் பொருள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெளிச்சம் மீனுடையது இல்லை, மீனுக்குள் வாழும் பாக்டீரியாவுடையது. காரலின் தொண்டையைத் தாண்டியதும் உணவுக்குழாயைச் சுற்றி ஒரு சின்ன உறுப்பு இருக்கும். உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை, அந்த ஓட்டை வழியாகத்தான் இரை போகும். அந்த வளையத்துக்குள் நுண்ணிய குழல்கள், குழல்களுக்குள் போட்டோபாக்டீரியம் லியோக்நாதி என்ற பாக்டீரியா நெருக்கமாக நிறைந்திருக்கும். 1967இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் விவரித்துப் பெயர் வைத்தது. காரல்களில் ஒரு பேரினமான லியோக்நாதஸிலிருந்து வந்த பெயர் அது. மீன் இடமும் சாப்பாடும் கொடுக்கிறது, பாக்டீரியா வெளிச்சம் கொடுக்கிறது.

பாலு அண்ணா சொன்ன இரண்டுக்கும் பதில்: ஃபார்மலின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், செத்த பாக்டீரியா ஒளிராது. அதனால் உறுப்பு ஒளிர்கிறது என்றால் அங்கே ஃபார்மலின் போய்ச் சேரவில்லை என்றே சொல்லலாம். பாஸ்பரஸ் என்ற தனிமம் எரிவதாலும் இந்த வெளிச்சம் வருவதில்லை. லூசிஃபரேஸ் என்ற நொதி, ஆக்சிஜனைப் பயன்படுத்தி நடத்தும் வேதிவினை இது. வயிற்றைக் கீறி உறுப்பில் காற்றுப் பட்டதும் வெளிச்சம் கூடித் தெரிவது அதனால்தான். 2019இல் சென்னையில் ஒளிர்ந்தது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிர். அது அசைத்தால் மட்டும் மின்னும்.

வாணி அக்கா கவனித்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. உப்புப் போட்டு உரசும்போது விரலில் வெளிச்சம் இருந்தது, குழாய்த் தண்ணீரில் மங்கியது. இவை கடல் பாக்டீரியா. உப்பு இருந்தால்தான் செல் உடையாமல் நிற்கும். நல்ல தண்ணீர் பட்டதும் உடைந்துவிடும், வெளிச்சமும் போய்விடும்.

சமைக்கலாம். வெளிச்சம் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. நீங்கள் பார்த்த கண், செவுள், வாடை, அவைதான் அடையாளம். அந்த உறுப்பும் குடலோடு சேர்ந்து வந்துவிடும்.

#5 வாணி_ராயபுரம்

நன்றி கயல். குழம்பு வைத்துவிட்டேன். ஆனால் இன்னொரு சந்தேகம். இத்தனை சின்ன மீன், கடலில் எல்லோருக்கும் இரை. அது எதற்கு விளக்குப் போட்டுக்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும்?

#6 கயல்_மீன்வளம்

காட்டிக்கொடுக்க இல்லை அக்கா, ஒளிந்துகொள்ளத்தான்.

பகலில் தண்ணீருக்குள் கீழேயிருந்து மேலே பார்த்தால் நீர்ப்பரப்பு வெளிச்சமாகத் தெரியும். நடுவில் நீந்தும் மீன் கறுப்பு நிழலாகத் தெரியும். சீலா, பாறை மாதிரிப் பெரிய மீன்கள் இரை தேடுவது அந்த நிழலைப் பார்த்துத்தான். காரல் தன் வயிற்றுப் பக்கம் முழுவதும் மங்கலான ஒளியைப் பரப்பி அந்த நிழலை அழித்துவிடுகிறது. 1971இல் ஹேஸ்டிங்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் காரலை வைத்தே இந்த விளக்கத்தைச் சொன்னார்.

இதற்காக உடம்பே அமைந்திருக்கும் விதம் வியப்பாக இருக்கும். ஒளி உறுப்புக்குப் பின்னால் காற்றுப்பை. அதன் உட்சுவரில் குவானின் என்ற பளபளப்பான பொருள் படிந்து வெள்ளியாக மின்னும், ஒளியைத் திருப்பி அடிக்கும். அந்த ஒளி அடிவயிற்றுத் தசை வழியாகக் கீழே இறங்கும். அந்தத் தசை பால் கண்ணாடி நிறத்தில், ஒளியைச் சிதறவிடும் தன்மையோடு இருக்கும். பாக்டீரியா எப்போதும் ஒளிர்ந்துகொண்டேதான் இருக்கும், அதை அணைக்க மீனால் முடியாது. அதனால் உறுப்பின் மேல் கருநிற மூடிகள் உண்டு. வெளிச்சம் வேண்டாத நேரத்தில் மூடிவிடும்.

அப்புறம், ஒளிவது ஒரு பயன்தான். பல்லுள்ள காரல் ஒன்று உண்டு, காசா மினூட்டா. 1983இல் மெக்ஃபால்-ங்காய், டன்லப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை உயிரோடு வைத்துப் பார்த்து, முன்பு யாரும் சொல்லாத மூன்று வகை ஒளியை எழுதினார்கள். செவுள் பக்கத்திலிருந்து குறிவைத்துப் பாய்ச்சும் ஒளி ஒன்று, வயிறு முழுக்கப் பளிச்சிடுவது ஒன்று, வாய்க்குள்ளிருந்து வரும் ஒளி ஒன்று. ஒரே விளக்கு, எந்த மூடியைத் திறக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு வேலை.

பல இனங்களில் ஆண் மீனின் ஒளி உறுப்பு பெண்ணுடையதைவிடப் பெரிது, சிலவற்றில் பல மடங்கு பெரிது. ஆணின் விலாவிலோ செவுளுக்குப் பின்னாலோ செதிலும் நிறமும் இல்லாத ஒரு திட்டு இருக்கும், அந்த ஜன்னல் வழியாக ஒளி வெளியே வரும். ஜன்னலின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். தன் இனத்துப் பெண்ணுக்கு அடையாளம் காட்டும் வழி அது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கூட்டமாக நீந்தும் காரல்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து மின்னுவதையும் நேரில் பார்த்து 2002இல் எழுதியிருக்கிறார்கள்.

#7 யாழ்_சுதன்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கட பக்கமும் காரல்தான் பெயர். காரல் சொதி என்றால் வீட்டில் எல்லாரும் சாப்பாட்டுக்கு முதலே வந்து இருந்துவிடுவார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் அதைத்தான் காய்ச்சிக் கொடுப்பார்கள்.

கயல், ஒரு கேள்வி. இந்தப் பாக்டீரியா தாய் மீனிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறதா? இல்லாவிட்டால் ஒவ்வொரு குஞ்சும் புதிதாகத் தேடிப் பிடிக்கவேணுமா?

#8 கயல்_மீன்வளம்

நல்ல கேள்வி அண்ணா. குஞ்சு பொரிக்கும்போது அதனிடம் பாக்டீரியா கிடையாது. கடல் தண்ணீரிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் ஒரு காரல் இனத்தில் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தண்ணீரில் எத்தனையோ வகைப் பாக்டீரியா மிதக்கும், ஆனால் அந்த உறுப்பில் குடியேறுவது ஒன்றோ இரண்டோ வகைதான். உறுப்பிலிருந்து உணவுக்குழாய்க்குள் திறப்புகள் உண்டு. பெருகிய பாக்டீரியா அந்த வழியாகக் குடலுக்குப் போய்க் கடலில் கலக்கும். பெரிய மீன்கள் வெளியே விடுவது அடுத்த தலைமுறைக் குஞ்சுகளுக்குக் கிடைக்கும்.

பாம்பன் அண்ணாவுக்கு ஒரு செய்தி. இந்தப் பாக்டீரியாவுக்கு நெருங்கிய உறவான இன்னொன்றின் பெயர் போட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். உங்கள் பக்கத்து ஊரான மண்டபம்தான். 1970இல் வைத்த பெயர். வேறு சில ஒளிரும் மீன்களில்தான் அது அதிகம், ஆனால் சில காரல்களில் இரண்டு வகையும் ஒரே உறுப்பில் சேர்ந்தே இருக்கும்.

#9 பாம்பன்_நாட்டுப்படகு

மண்டபத்தின் பெயர் இப்படி ஒரு இடத்தில் இருப்பது எங்களுக்கெல்லாம் தெரியாதே தம்பி. ஆராய்ச்சி நிலையம் அங்கே இருப்பதும், பெரியவர்கள் காலத்தில் அங்கிருந்து ஆட்கள் வந்து மீனை அளந்து எழுதிக்கொண்டு போனதும் தெரியும்.

நான் கடலில் பார்த்ததைச் சொல்கிறேன். பகலில் காரல் அடியில், சேற்றை ஒட்டி, கட்டியாக நிற்கும். பாக் நீரிணையில் ஆழம் எவ்வளவு இருக்கப் போகிறது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். அந்த நேரத்தில் அடியைத் தொடும் வலைக்கு மொத்தமாக விழும். பொழுது சாய்ந்ததும் கூட்டம் கலைந்து மேலே ஏறும். இரவில் அதே இடத்தில் அடியில் வலை போட்டால் பகலில் விழுந்த அளவு விழாது.

#10 கயல்_மீன்வளம்

அண்ணா, தம்பி இல்லை, தங்கச்சி. நீங்கள் சொன்ன பகல் இரவு நடமாட்டம் எங்கள் பாடத்திலும் அப்படியே இருக்கிறது.

மண்டபத்தில்தான் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முதலில் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. இந்தியக் காரல்களைப் பற்றிய அடிப்படை வேலை அங்கிருந்த பி.எஸ்.பி.ஆர். ஜேம்ஸ் செய்தது. 1971இல் அவர் புதிதாக விவரித்த ஒரு காரலுக்கு, நிலையத்தின் இயக்குநராக இருந்த ஜோன்ஸின் பெயரை வைத்தார். இன்று யூப்ளீக்கெரியா ஜோன்சி என்று சொல்கிறோம்.

#11 மலர்_குளச்சல்

வழவழப்பைப் பற்றி யாரும் இன்னும் முழுசாகச் சொல்லவில்லையே. நான் செய்கிற முறை இது: முதலில் தண்ணீர் விடக் கூடாது. மண்சட்டியின் சொரசொரப்பான பக்கத்தில் மீனைப் போட்டு, கல்லுப்புச் சேர்த்து உரச வேண்டும். கோழை திரண்டு நுரையாக வரும். அதை வழித்துப் போட்ட பிறகுதான் தண்ணீர். கடைசியில் அரிசி களைந்த தண்ணீரில் ஒரு அலசல். முதலிலேயே தண்ணீர் விட்டால் கோழை ஊறி இன்னும் அதிகமாகும், கையில் பிடிக்கவே முடியாது.

#12 கயல்_மீன்வளம்

மலர் அக்கா சொன்ன அந்தக் கடைசி வரிதான் வழவழப்பின் வேதியியல். கோழையில் இருப்பது மியூசின் என்ற, சர்க்கரை கோத்த புரதம். தோலில் உள்ள செல்கள் அதைச் சுருக்கி வைத்திருந்து வெளியே தள்ளும். தண்ணீர் பட்டதும் பல மடங்கு ஊதிக் கூழாகும். உப்பு அந்தக் கூழிலிருந்து தண்ணீரை இழுப்பதால் அது திரண்டு வந்துவிடும்.

எல்லா மீனுக்கும் இந்தப் பூச்சு உண்டு. காரலுக்கு மிக அதிகம், வலையில் நெருங்கிப் பதறும்போது இன்னும் சுரக்கும். காரலின் செதில் மிகச் சின்னது, உதிர்ந்துவிடுவது. சேறும் மணலும் கலங்கிய தண்ணீரில், நெருக்கமான கூட்டத்தில் வாழும் மீன் இது. பெரிய செதில் இல்லாத தோலை உராய்விலிருந்தும் ஒட்டுண்ணியிலிருந்தும் காப்பது அந்தப் பூச்சுதான். கிருமியைச் சிதைக்கும் லைசோசைம் போன்ற பொருள்களும் மீன் கோழையில் உண்டு. கழுவும்போது நமக்குத் தொல்லையாக இருப்பதுதான் கடலில் அதற்குத் தோலின் மேல் இன்னொரு தோல்.

அடுத்த முறை காரல் வாங்கும்போது எல்லோரும் ஒன்று செய்து பாருங்கள். கீழ்த்தாடையை விரலால் மெல்ல இழுத்தால் வாய் குழாயாக வெளியே நீளும். குழாய் கீழ்நோக்கி நீண்டால் அது அடிச்சேற்றில் புழுவும் சின்ன கூனியும் பொறுக்கித் தின்னும் வகை. மேல்நோக்கி நீண்டால் செக்யூட்டர் என்ற வகை, தண்ணீரில் மிதக்கும் மிகச் சின்ன உயிரினங்களைத் தின்பது. நேராக முன்னால் நீண்டு, உள்ளே கூர்ப்பல் தெரிந்தால் காசா, சின்ன மீனையே பிடித்துத் தின்பது. ஒரே கூடையில் மூன்றும் கலந்து கிடக்கும். ஒரே கடலில், ஒரே கூட்டத்தில் இருந்தாலும் இரையைப் பங்கு போட்டுக்கொண்டுதான் வாழ்கின்றன.

#13 பாலு_செங்கல்பட்டு

இவ்வளவு விவரம் தெரிந்ததில் மகிழ்ச்சி. ஆனால் நடைமுறையில் இது சங்காயம், அதாவது கழிவு மீன்தானே? விசைப்படகில் வரும் காரலில் பெரும்பகுதி மீன்மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும்தான் போகிறது. சாப்பிட ஆள் இல்லாத மீன் என்றால் அது நியாயம்தானே?

#14 பாம்பன்_நாட்டுப்படகு

சாப்பிட ஆள் இல்லை என்று யார் சொன்னது தம்பி? எங்கள் ஊரில் வஞ்சிரம் விற்கத்தான், வீட்டுக்குக் காரல்தான். புளிக்குழம்பில் போட்டால் அதன் ருசிக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. ஏழை வீட்டில் பிள்ளைகளுக்கு மீன் என்று ஒன்று கிடைக்கிறதே, அது இந்த மாதிரிச் சின்ன மீனால்தான்.

இழுவை மடி அடியை வாரிக்கொண்டு போகும்போது காரல் குஞ்சும் சேர்ந்து போகிறது. ஐஸ் இல்லாமல் குவித்துப் போட்டு, கரைக்கு வருவதற்குள் நசுங்கிவிடும். நசுங்கிய பிறகு அதற்குச் சங்காயம் என்று பெயர் வைக்கிறார்கள். மீனில் குறை இல்லை, கொண்டுவந்த விதத்தில்தான் குறை.

#15 யாழ்_சுதன்

அண்ணன் சொன்னதை அப்படியே நானும் சொல்லுவேன். நீரிணையின் இந்தப் பக்கமும் அதே கடல், அதே காரல். இலங்கையில் 2017இல் இழுவை மடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். ஆனாலும் இழுவைப் படகுகள் வந்து போகிற இரவுக்குப் பிறகு எங்கட ஆட்களின் வலை அறுந்து கிடக்கும். இதைக் கோபத்தில் எழுதவில்லை, பாம்பன் அண்ணனும் சின்னப் படகுக்காரர் என்றபடியால் அவருக்கு இது விளங்கும்.

#16 பாம்பன்_நாட்டுப்படகு

விளங்குகிறது தம்பி. எங்கள் வலையும் அதே படகில்தான் அறுபடுகிறது.

#17 கயல்_மீன்வளம்

பாலு அண்ணாவின் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1960களில் தாய்லாந்து வளைகுடாவில் இழுவைத் தொழில் பெரிய அளவில் தொடங்கியபோது, அடியில் வாழும் மீன்களில் காரல்தான் மிக அதிகம். சில ஆண்டுகளிலேயே அது கடுமையாகச் சரிந்தது, மற்ற பல மீன்களைவிட வேகமாக. அதே காலத்தில் கணவாய் பெருகியது. மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஆயுள் குறைந்த, வேகமாக இனம் பெருக்கும் மீன்தானே, எவ்வளவு பிடித்தாலும் திரும்ப வந்துவிடும் என்று காரலைப் பற்றி யாராவது சொன்னால் இந்த உதாரணத்தைக் காட்டலாம்.

பாக் நீரிணையில் பெரிய மீன்களுக்கும் கடற்பறவைகளுக்கும் முக்கியமான இரை காரல். அது குறைந்தால் சீலாவும் பாறையும் எதைத் தின்னும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை இருக்கிறது. அது அவசியம். ஆனால் மீதி நாட்களில் மடியின் கண் அளவு சரியாக இல்லாவிட்டால், தடைக்காலத்தில் வளர்ந்த குஞ்சு தடை முடிந்த முதல் வாரத்திலேயே மீன்மாவு ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒளி உறுப்பு, மூடி, ஜன்னல் என்று இத்தனையும் உள்ள ஒரு உயிர், எடைக்கணக்கில் மாவாகப் போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

#18 பாலு_செங்கல்பட்டு

புரிகிறது. இந்த ஞாயிறு காரப்பொடி வாங்கி, அந்த வாயை இழுத்துப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: கருவாட்டுக் காரலிலும் வெளிச்சம் தெரியுமா? வீட்டில் இருக்கிறது.

#19 கயல்_மீன்வளம்

தெரியாது அண்ணா. பாக்டீரியா ஒளிர உப்பு மட்டும் போதாது, ஈரமும் ஆக்சிஜனும் வேண்டும், அது உயிரோடும் இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்ததும் ஈரம் போய்விடும், வெளிச்சமும் போய்விடும். பார்க்க வேண்டுமென்றால் பிடித்துச் சில மணி நேரத்துக்குள் வரும் மீனாக வாங்குங்கள். அறையை முழு இருட்டாக்கி, கண் பழகக் கொஞ்ச நேரம் கொடுத்து, தொண்டைக்குப் பின்னால் கீறிப் பாருங்கள். கையைக் கழுவ உப்புத் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்.